எழுதக் கற்கவேண்டிய கை படியெடுக்கக் கற்பதோ?

நோய்க்குறிப்பு என்பது வணிகரின் பேரேடு அன்று. மருத்துவர் தம் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், அறிவால் துணிந்ததையும் தம் சொல்லால் நிலைநிறுத்தும் இடம் அது. இளம் மருத்துவர் நோயை நாடக் கற்பதும் அவ்வெழுத்தின் வழியேயாகும்.

இவ்வுண்மையை அமெரிக்க மருத்துவர் இலாரன்சு வீட், 1968-ஆம் ஆண்டிலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விளக்கினார். நோயாளியின் ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியே எடுத்து, அவர் சொன்னது, ஆய்ந்து கண்டது, அவற்றினின்று துணிந்தது, இனிச் செய்வது என நால்வகையாக எழுதும் முறையை வகுத்தார். பதிவேடு எழுதுவோரை வழிநடத்தவேண்டும், பயிற்றவும் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்நோக்கம் பின்னர் என்னாயிற்று? 2009-இல் அமெரிக்க நடுவணரசு சட்டம் இயற்றி, மின்பதிவேட்டைக் கைக்கொள்ளும் மருத்துவமனைகளுக்குப் பொருளை வாரி வழங்கிற்று. 2008-இல் பத்தில் ஒன்றுக்கும் குறைவான மருத்துவமனைகளிலேயே இருந்த மின்பதிவேடு, 2015-க்குள் பத்தில் எட்டிற்கும் மேற்பட்டவற்றில் புகுந்துவிட்டது. ஆயின், அத்திரையை வகுத்தோர் யாரை உள்ளத்திற் கொண்டு வகுத்தனர்? நோயாளியையா? பயிலும் மருத்துவரையா? இல்லை, கட்டணச் சீட்டையே! 1995, 1997-ஆம் ஆண்டுகளின் கட்டண நெறிமுறைகள், எத்தனை செய்தி கேட்கப்பட்டது, எத்தனை உறுப்பு ஆயப்பட்டது என எண்ணிக் கூலி அளந்தன. திரையும் அதற்கேற்பக் கட்டங்களாயிற்று. ஒரு விசையைத் தட்டினால் உடல் முழுதும் 'இயல்பு' என நிரம்பும். இன்னொன்றைத் தட்டினால் நேற்றைய குறிப்பு இன்றைய குறிப்பாகும். குருதி ஆய்வின் எண்கள் அழையாமலே வந்து குவியும்.

விளைவு யாது? சான் பிரான்சிசுகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 23,000-க்கும் மேற்பட்ட நாட்குறிப்புகளை ஆய்ந்து, 2017-இல் வெளியிட்ட முடிவைக் காண்க. மருத்துவர் தாமே தட்டிய எழுத்து 18 விழுக்காடே. 46 விழுக்காடு படியெடுத்தது. 36 விழுக்காடு பதிவேட்டின் பிற பகுதிகளினின்று இழுத்திட்டது. பயிற்சி மருத்துவர் குறிப்புகளிலோ, சொந்த எழுத்து 12 விழுக்காட்டிற்கும் குறைவு. மாணாக்கர் எழுதியதினும் குறைவு!

முதல்நாள் 'இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்றெழுதியது, படியெடுக்கப்படின் ஐந்தாம் நாளும் இரண்டு நாளாகவே நிற்கும். இளையவர் எங்கே தடுமாறினார் என்று குறிப்பைப் படித்தறிய ஆசிரியருக்கும் வழியில்லை.

விளங்காத கையெழுத்தும் தொலைந்த ஏடும் ஒழிந்தன அல்லவோ என்பர். ஒழிந்தன, மறுப்பாரில்லை. நோகவேண்டியது கருவியை அன்று. அதை வகுத்த நோக்கத்தை. இளையோரின் சோம்பலே காரணம் என்பாரும் உளர். கட்டமெல்லாம் நிரப்பினாலன்றி வீடு திரும்பவியலாதவர் முன் படியெடுக்கும் விசையையும் வைத்துவிட்டு, அவரைச் சோம்பேறி என்பது அறமாகுமா?

அக்கட்டண நெறிமுறையும் 2021-இல் புறநோயாளர்க்கும், 2023-இல் உள்நோயாளர்க்கும் மாற்றப்பட்டு, எண்ணிக் கூலி அளக்கும் முறை கைவிடப்பட்டது. காரணம் ஒழிந்தபின்னும் கட்டங்களைக் காப்பது யாருக்காக? படியெடுத்த வரி, எழுதப்பட்ட நாளோடு வேறு நிறத்தில் தோன்றட்டும். துணிபு எழுதும் இடம் குறிப்பின் முதலிலேயே வெறுமையாக நிற்கட்டும். அதை இளையவர் தம் சொல்லால் நிரப்பட்டும். ஆசிரியர் நாள்தோறும் படித்துத் திருத்தட்டும்.

தம் சொல்லால் எழுதாதவர் தம் அறிவால் எண்ணக் கல்லார். நாளை அவரை நம்பிக் கைநீட்டி நாடி காட்டப்போகும் உயிர், படியெடுத்துப் பெறத்தக்கதன்று!