கையெழுத்துக்கு என்ன அவசரம்?

"ஆட்டோ கவிழ்ந்தால் பொலிஸிலேயே பேசி முடி, கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு" என்கிறார் நண்பர். தாமதம் உண்மைதான். அதற்காக உரிமையையே விட்டுவிடுவதா?

பதுளை பசறை வீதியில் செயலியில் பிடித்த ஆட்டோவும் சந்தியில் கைகாட்டி மறித்ததும் ஒன்றே: கூலிக்கு ஆளேற்றும் வண்டி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கூலி கொடுத்து ஏறியவரின் உயிரும் உடம்பும் அதில் அடக்கம். சாரதியின் கவனயீனம் நிரூபணமானால் நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனிதான் கட்ட வேண்டும். "பாவம், ஏழைச் சாரதி" என்ற பேச்சு உண்மையில் காப்பாற்றுவது கம்பனியைத்தான்.

நண்பர் சொல்லும் சமாதானத்தை நானும் பார்த்திருக்கிறேன். கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா. ஒரு கையில் மாவுக்கட்டு. மற்றக் கையில் சில ஆயிரம் ரூபாய். மேசையில் சிங்களத்தில் எழுதிய தாள். வாசித்துக் காட்ட ஆளில்லை. கட்டுப் பிரிக்கும்வரை அந்த அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூட, விழாது.

ஆகவே தாளை வாசிக்கக் கேட்காமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டின் பிரதியையும் ஆஸ்பத்திரித் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். நட்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு இரண்டு வருடம். வக்கீலுக்குக் காசில்லாதவர்களுக்குப் பதுளையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.