காட்டைச் சுற்றி ஒரு நடை



சென்ற மாதம் நாங்கள் ஏழு பெண்கள் கல்முனையிலிருந்து லாகுகல காட்டுப் பக்கம் போய் வந்தோம். "காட்டில பார்க்க என்ன இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. யுத்த காலத்தில் காடு என்றால் போனவர் திரும்பாத இடம். 2006 செப்டெம்பரில் பொத்துவில் பகுதியில் குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. எங்களோடு வந்த ராத்தா ஒருவரின் கணவரும் 1990இல் விறகுக்குப் போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் அக்கரைப்பற்றுக்குத் தெற்கே போனதே இல்லை.

பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர். சுபஹு தொழுதுவிட்டு பஸ் ஏறினோம். திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவிலில் இறங்கி, மொனராகலை வீதியால் போகும் பஸ்ஸில் மாறினோம். பத்துக் கிலோமீற்றர் அளவில் மகுல் மகா விகாரைக்குத் திரும்பும் சந்தி வரும். அங்கிருந்து நடை. இருபுறமும் பாலையும் வீரையும். ராத்தா என் கையை விடவேயில்லை.

'மகுல்' என்றால் சிங்களத்தில் மங்கலம், திருமணம். களனி அரசனின் குற்றத்துக்காகக் கடல் பொங்கியதாம்; அவனுடைய மகளைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்களாம். கரை சேர்ந்த அவளைக் காவந்தீச மன்னன் மணந்த இடம் இது என்பது ஐதீகம். அவள்தான் விகாரமாதேவி, துட்டகைமுனுவின் தாய். செதுக்கிய கற்றூண்கள் நிற்கும் மேடையைக் காட்டி, மணமேடை இதுதான் என்கிறார்கள். வாசலில் உள்ள சந்திரவட்டக் கல்லில் யானைகளின் மேல் பாகர்களும் இருக்கிறார்கள்.

கதை அப்படியிருக்க, அங்குள்ள கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. விகாரையைக் கட்டியவன் தாதுசேன மன்னன். அவன் காலம் 5ஆம் நூற்றாண்டு. பின்னர் அது பாழடைந்து கிடந்தது. பராக்கிரமபாகு என்ற பெயருடைய இரு சகோதர மன்னர்களின் அரசி, 14ஆம் நூற்றாண்டில் அதைத் திருத்திக் கட்டினாள். அவளுக்கும் விகாரமாதேவி என்றுதான் பெயர்.

இதை நான் சொன்னதும் ராத்தா கேட்டார்: "உடைஞ்சதத் திருத்தின பொம்புளட பேரையும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்களா?"

1990க்குப் பிறகு தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்து, 2004 டிசம்பர் 26இல் சுனாமி கொண்டுபோன வீட்டை மீண்டும் கட்டியவர் அவர். நான் பதில் சொல்லவில்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தபடி அவர் வெகுநேரம் நின்றார்.

இடிபாடுகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, ஊர்க்காரர் காட்டிய வேறொரு பாதையால் பெருவீதிக்கு ஏறினோம். அடுத்தது லாகுகல குளம். லாகுகல - கித்துலான தேசிய வனம் 1,554 ஹெக்டேயர்தான்; 1980இல் பிரகடனம் செய்யப்பட்டது. வரட்சி மாதங்களில் குளத்தில் வளரும் 'பெரு' என்னும் புல்லைத் தின்ன யானைகள் கூட்டமாக வரும். தூரத்தில் நின்று ஐந்தாறைக் கண்டோம். லுஹருக்குப் பொத்துவில் வந்து சேர்ந்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கூட்டமாகப் போங்கள். காலையில் போய் வெயில் சாயுமுன் திரும்புங்கள். மாலையில் யானைகள் வீதிக்கு வரும். வனத்துக்குள் கால்நடையாக இறங்க வேண்டாம். தண்ணீரும் சோறும் கட்டிக்கொண்டு போங்கள். விகாரை வணக்கத்தலம், செருப்பைக் கழற்றி, மரியாதையோடு பாருங்கள். முன்னிருந்தோரின் சுவடுகளைப் பயணம் செய்து பார்க்கும்படி நமது மார்க்கமும் சொல்கிறது.

மஃரிபுக்கு முன் வீட்டில் இருந்தோம். பஸ்ஸால் இறங்கும்போது ராத்தா சொன்னார்: "அடுத்த முற என்ட மகளையும் கூட்டி வாறன். அவட வாப்பா போன காட அவளும் ஒருக்காப் பார்க்கட்டும்."

இன்ஷா அல்லாஹ், போவோம்.