பழைய ஏடும் புதிய பெட்டியும்

1914ஆம் ஆண்டு முதல், கொழும்பிலிருந்து புகைவண்டியில் புறப்பட்டவர்கள் தலைமன்னார்த் துறையில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் புகைவண்டியில் சென்னைக்குப் போனார்கள். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ஒருவர், முன்னரே வாங்கிய பயணச்சீட்டோடு தலைமன்னாருக்கு வந்து நின்றிருப்பாராயின், அவர் நிலை என்னவாயிருக்கும்? சீட்டில் ஒரு குறையுமில்லை; அதில் எழுதியிருக்கும் துறைதான் இல்லை. சென்ற மாதம் நாமும் அத்தகைய பயணியாக நின்றோம். நம் கையில் இருந்தது பயணச்சீட்டன்று, ஓர் இறுவட்டு.

அதைக் கொண்டுவந்தவர் பேசாலையில் வசிக்கும் நம் பெரியம்மா. துணியில் சுற்றி, பழைய விசுக்கோத்துத் தகரத்துள் வைத்திருந்தார். "தம்பி, பெரியப்பா எழுதினது முழுக்க இதுக்குள்ளேதான் கிடக்குதாம். கனடாவிலே இருக்கிற பேரப்பிள்ளையள் கேட்குதுகள். ஒருக்காத் திறந்து பார்" என்றார்.

பெரியப்பா 1990இல் குடும்பத்தோடு படகேறி, மண்டபம் முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியவர். 2002இல் போர்நிறுத்தம் வந்து சற்றே மூச்சு விடக் கிடைத்தபோது, ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினார். கரைவலை இழுத்த குடும்பங்கள், வாடை, சோளகம், கச்சான் ஆகிய காற்றுக்களின் காலம், எந்தக் கிணறு எவர் வளவில் இருந்தது, எவர் எந்தப் படகில் போனார் என்பனவெல்லாம் அதில் அடங்கும். மறு ஆண்டில் மன்னார்ப் பட்டினத்துக் கடையொன்றில் கொடுத்துக் கணினியில் ஏற்றுவித்தார். கையெழுத்துப் பிரதி பிந்திய இடப்பெயர்வில் போயிற்று. பெரியப்பாவும் காலமாகிவிட்டார். எஞ்சியது இந்த வட்டு ஒன்றே.

நமது புதிய மடிக்கணினியில் இறுவட்டை இடும் வாயில் இல்லை. வெளியே பொருத்தும் கருவியொன்றை வாங்கினோம். உள்ளே சில கோப்புகள் திறந்தன. ஆனால் தமிழைக் காணோம். "அம்மா" இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள் நின்றன. காரணம் எளியது. அந்நாளில் இலங்கையெங்கும் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழர் எழுந்துபோக, ஆங்கிலேயர் மீண்டும் வந்து அமர்ந்துவிடுவர்! பாமினியை நிறுவியதும் அக்கோப்புகள் தமிழாயின.

ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் இருந்தது. அது 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. அந்தக் கோப்பைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டும். அது ஒழுங்காக ஓட அந்தக் காலத்து இயங்குதளம் வேண்டும். ஆகவே, அதே ஆண்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியையே புதிய கணினியில் நிறுவிவிடுவோம் என்று துணிந்தோம்.

அறியாமையின் துணிவு அது. புதிய கணினி விழித்தெழும் முறையே வேறு. பழைய இயங்குதளங்கள் பயோஸ் என்ற ஏற்பாட்டை நம்பிப் பிறந்தவை. இக்காலக் கணினிகளில் யூஈஎஃப்ஐ என்ற ஏற்பாடு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அமைப்பில் எதையோ மாற்றி அந்த வாசலைக் கடந்தாலும், உள்ளே இருக்கும் புதுவகைச் சேமிப்பகத்தை எக்ஸ்பிக்கு அடையாளம் தெரியாது. யூ.எஸ்.பி. மூன்றாம் தலைமுறைத் துளைகளையும் அது அறியாது. ஆதலால் அவற்றில் செருகிய விசைப்பலகை அதற்குக் கேளாது. மூன்று இரவுகள் முயன்றோம். மூன்று இரவும் நீலத்திரையே விடையாக வந்தது. நான்காம் நாள், கணினியில் முன்பிருந்ததையும் அழித்துவிடுவோமோ என்ற அச்சம் பிடித்துக்கொண்டது.

அயல்வீட்டு மாணவன் கேட்டுச் சிரித்தான். "ஐயா, வீட்டை இடித்து ஏன் பழைய வீடு கட்டுகிறீர்கள்? உள்ளேயே ஓர் அறை ஒதுக்கினால் போதுமே" என்றான். மெய்நிகர் கணினி என்பது அவன் சொன்ன அறை. வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள், புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினி இருப்பதாகப் பாவனை செய்கிறது. பழைய வகை வன்தட்டையும் அளவான நினைவகத்தையும் அது காட்ட, எக்ஸ்பி தன் காலத்திலேயே இருப்பதாக எண்ணி மகிழ்ந்து இயங்குகிறது. நம்மிடமிருந்த பழைய கணினியின் உரிமத்தோடு வந்த வட்டைக் கொண்டு, ஒரு மாலைப் பொழுதில் அவன் அதை முடித்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னான்: இந்த அறைக்கு இணையச் சன்னலைத் திறக்கக்கூடாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நிறுத்தப்பட்டுவிட்டன.

கோப்பு திறந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்!

இத்தோடு வேலை முடிந்ததென்று எண்ணுவது தவறு. பாமினியில் கிடப்பதை யுனிகோடுக்கு மாற்றினாலன்றி நாளை மறுபடியும் இதே தொல்லைதான். தமிழ் 1991இலேயே யுனிகோடில் இடம்பெற்றுவிட்டது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்கே உரிய எண் உண்டு. ஆங்கிலத்தின் இருக்கையை இரவல் வாங்க வேண்டுவதில்லை. மாற்றித் தரும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. எனினும் அவை பிழை செய்வதுண்டு. பாமினியில் "கொ" என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். யுனிகோடிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் வரவேண்டும். வரிசை மாற்றும்போது எழுத்துகள் சிதறுமாகையால், வரி வரியாக ஒப்புநோக்க ஆள் வேண்டும்.

அவ்வாறு ஒப்புநோக்கிப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். படகேறிய இரவின் பக்கம் வந்தது. கொண்டுபோன பொருள்களைப் பெரியப்பா வரிசையாக எழுதியிருந்தார்: ஞானஸ்நானப் பத்திரங்கள், இரண்டு பாய், ஒரு தையல் இயந்திரத்தின் தலை. பெரியம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"பிழை தம்பி. மெசினை நான் அதுக்கு ரெண்டு நாள் முந்தியே வித்துப்போட்டன். அந்தக் காசிலேதான் படகுக்குக் குடுத்தது. அவருக்குச் சொல்லேல்லை. கவலைப்படுவார் எண்டு."

சிறிது நேரம் நாம் ஒருவரும் பேசவில்லை. அந்தத் திருத்தத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்தோம்.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினார்கள். ஓலை பழுதாகுமுன் புதிய ஓலையில் படியெடுத்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன. அப்படித் தப்பிய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். படியெடுக்க ஆளில்லாத ஏடுகள் செல்லுக்கு இரையாயின. இறுவட்டும் ஒருவகை ஓலையே. அதனைத் திறக்கும் கருவி மறையுமுன் படியெடுத்தாக வேண்டும்.

கருவி மட்டுமன்று. பழைய இயங்குதளத்தை மெய்நிகர் அறையில் இன்னும் பல ஆண்டு வாழவைக்கலாம். "பிழை தம்பி" என்று சொல்ல இருப்பவர்களை அப்படி வைத்திருக்க இயலாது. ஆகவே அன்பர்களே, அலுமாரியின் அடித்தட்டில் வட்டோ நெகிழ்வட்டோ கிடந்தால் இன்றே எடுங்கள். முதலில் உள்ளிருப்பதை அப்படியே வேறிடத்தில் படியெடுங்கள். பின்னர் திறக்க முயலுங்கள். திறந்ததும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். தாளிலும் ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள். அதன்பின், வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, உரக்க வாசியுங்கள்.