கண்ணுக்குள் இருப்பதற்கும் கணக்கு வேண்டும்

கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றமும் வாரியத்தில் அமரலாகாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் பொறித்து வைத்த ஊர் எங்கள் உத்திரமேரூர். அதே ஊரில் இன்று வாழும் நாம், கண்ணுக்குள் வைக்கப்பட்ட வில்லைக்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட வைத்திருப்பதில்லை.

நம் அத்தைக்கு இலவச முகாம் வழியாகக் கண்புரை அறுவை நடந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. முதல் வாரத்திலிருந்தே தொலைவில் இருப்பது தெளியவில்லை. வயதானால் அப்படித்தான் என்று அவரும் பொறுத்தார். படித்த நாமும் கேளாதிருந்தோம். பின்னர் ஓரிடத்தில் லேசர் வைத்தார்கள். அதன் பிறகும் மங்கல் நீங்கவில்லை. “லென்ஸ் கெட்டுப்போச்சுப்பா, கழட்டிட்டு வேற வெச்சிடச் சொல்லு” என்றார் அத்தை.

அறுவைக்குப் பின் சில ஆண்டுகளில் பார்வை மங்கினால் பெரும்பாலும் கெடுவது வில்லை அன்று. அதைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சுவரே மங்குகிறது. யாக் லேசரால் அச்சுவரில் சிறு திறப்புச் செய்தால் போதும். வில்லை இருந்த இடத்திலேயே இருக்கும். வில்லையையே மாற்ற வேண்டிய கண்கள் வேறு: பவர் பிழைத்தவை, வில்லை நழுவியவை, அரிதாக வில்லையே வெளுத்துப்போனவை. பன்முக வில்லை வைத்துக்கொண்டு இரவில் விளக்கொளி சிதறித் தவிப்போரும் உண்டு.

அத்தைக்குப் பிழைத்தது பவர் என்று காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவர் கண்டார். முதற்சில வாரங்களுக்குள் வந்திருந்தால் மாற்றுவது எளிது என்றார். நாளாக நாளாகப் பை வில்லையோடு ஒட்டிக்கொள்கிறது. லேசரால் பின்சுவர் திறந்துவிட்ட கண்ணிலோ, உள்ளிருக்கும் கூழ் முன்னே வரக்கூடும். புதிய வில்லைக்குப் பிடிப்பும் குறையும். “எந்தப் பவர் வைத்தார்கள்?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

முகாம்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1949இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதல் பொருத்திய வில்லை, 1992இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் உருவான பிறகே ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்தது. அதற்குமுன் புரை எடுத்தவர்க்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. ஆனால் வில்லைப் பெட்டியோடு பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வருகின்றனவே, அவற்றுள் ஒன்றை நோயாளி கையில் தருவதற்கு என்ன செலவாகிவிடும்?

கண்ணாடியைத் துறக்க ஐ.சி.எல். வைத்துக்கொள்ளும் நம் மாணவர்க்கும் ஒரு சொல். “வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்” என்கிறார்கள். எடுக்கலாம்தான், ஆயினும் அதுவும் ஓர் அறுவை. அளவு பொருந்தாமல் இயற்கை வில்லையை நெருங்கி நின்றால் புரை விழவும் கூடும்.

சென்ற மாதம் அத்தையின் மறுகண்ணுக்கு அறுவை நடந்தது. இம்முறை சீட்டைக் கேட்டு வாங்கி ரேஷன் அட்டை உறைக்குள் வைத்தோம். “இதுல என்னப்பா எழுதியிருக்கு?” என்றார். படித்துக் காட்டினோம்: இருபத்தொன்றரை.