இளைஞரின் இதயம், முதியவரின் தமனி!

1967 டிசம்பர் 3இல் கேப்டவுனில் டாக்டர் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனித இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தியதைப் படித்திருப்பீர்கள். அவருடைய இரண்டாவது நோயாளியை அறிவீர்களா? பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவர். 1968 ஜனவரி 2இல் 24 வயது இளைஞரின் இதயத்தைப் பெற்று, 19 மாதங்கள் வாழ்ந்தார். இறந்தபின் அவ்விதயத்தைச் சோதித்தபோது, அதன் தமனிகள் முதியவருடையவை போல் அடைபட்டிருந்தன!

காரணம் என்ன? உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் புதிய இதயத்தை அந்நியப் பொருளாகவே கருதித் தமனியின் உட்சுவரைத் தாக்குகின்றன. புண்பட்ட சுவர் தடிக்கிறது. இரத்தத்தில் மிகுந்த கொழுப்பும் சில வைரஸ்களும் இதற்குத் துணைபோகின்றன. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும் என்கிறது பாய்சொய் விதி. இதய நரம்புகள் வெட்டப்பட்டிருப்பதால், நெஞ்சுவலி வந்து எச்சரிப்பதும் அரிது.

அறுவை நடந்த நாளை மட்டும் நாம் கொண்டாடுவது சரியன்று என்பது என் கருத்து. நின்றுபோன இதயத்தை ஆராய்ந்தவர்களின் பணியும் பர்னார்டின் பணிக்குக் குறைந்ததன்று. இன்று இதயம் மாற்றிக்கொண்டவர்களின் தமனிகளைத் தவறாமல் சோதிக்கிறார்களே, அதற்கு அத்தகைய ஆய்வுகளே வழிகாட்டின.

ஆய்வகத்தில் உங்கள் அளவீடு தவறும்போது அழித்து எழுதாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்!