பாட்டு அவனுடையது, தட்டு யாருடையது?

தளவாய்புரத்துத் தெருக்களில் நடந்தால் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். நைட்டி தைத்து முடித்ததும் கழுத்துப் பட்டியில் ஒரு சிறு துணிச்சீட்டு ஏறும். அதில் இருப்பது தைத்தவர் பெயரன்று. முதல் போட்டவர் பெயர். இசையுலகிலும் இதே கதைதான் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்குமுன் ஒரு செய்தியைக் கேளுங்கள்.

1953 மே 15 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் ஐந்து ஜாஸ் கலைஞர்கள் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. நம் கற்பனைச் சுரம்போல மேடையிலேயே பிறந்து விரிவது. அன்று சாக்ஸபோன் வாசித்தவர் மாமேதை சார்லி பார்க்கர். ஆனால் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் 'சார்லி சான்' என்று பெயர் போட்டிருந்தது! வேறொரு கம்பெனியோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்ததே காரணம். மூச்சைக் கொடுத்து ஊதியவன் தன் பெயரைப் போட்டுக்கொள்ள வழியில்லை.

அந்தத் தட்டை வெளியிட்ட 'டெபூ' நிறுவனம், அதே மேடையில் வாசித்த சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் 1952இல் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்காமல் தாமே தட்டுப் போடத் துணிந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது ஓய்ந்தது. வாசிக்கிறவனே கணக்கும் எழுதிப் பார்சலும் கட்டினால் எத்தனை நாள் ஓடும்?

நம்மவர்களிடம் வருவோம். ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு ஜாகிர் உசேன், எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த குழு 'சக்தி'. முதல் தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாடு ராகவன். 1976, 77இல் வந்த அத்தட்டுகள் கொலம்பியா என்ற பெரிய கம்பெனியுடையவை. பின்னர் 1990களின் தொடக்கத்தில் ஜாகிர் உசேன் கலிபோர்னியாவில் 'மொமெண்ட் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். நம் சாஸ்திரிய இசைக் கச்சேரிகளின் நேரடிப் பதிவுகளை அது வெளியிட்டது. ஆஷிஷ் கானின் சரோட் தட்டு ஒன்று கிராமி பரிந்துரை வரை சென்றது. 2024 டிசம்பரில் மறைந்த அம்மேதையின் தபலாவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். இந்தத் துணிச்சலைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

திரையிசையிலும் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பங்கு உறுதியாயிற்று. கோயில் கொடையில் நாள் முழுதும் ஊதும் நாயனக்காரருக்கு எந்தச் சட்டம் துணை? எவரோ கைபேசியில் பிடித்து ஏற்றிவிடுகிறார், ஊரெல்லாம் கேட்கிறது, ஊதியவர் பெயர்கூட அதில் இல்லை.

நம் கல்லூரியில் கணினி இருக்கிறது. நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கினால் போதும். நாயனம், தவில், உறுமி வாசிப்போரை அழைத்துப் பதிவு செய்து, ஒருவர் விடாமல் பெயர் போட்டு, பதிவையும் வருமானத்தையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம். ஆகும் செலவில் என் பங்கை இப்போதே தருகிறேன். அடுத்த ஆடிப்பூரத்துக்குள் முடியுமா என்று மாணவர் பேரவைத் தலைவரைக் கேட்டிருக்கிறேன்.