மறைந்தவரின் குரலில் புதிய பாடல்



கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் வழியில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் உள்ளது லோயர் கேம்ப். அங்கே இசையமைப்பாளர் இளையராஜாவின் பண்ணை வீட்டில் அவருடைய தாயாரும் துணைவியாரும் துயில்கிறார்கள். அவர்களுக்கு அருகில், 2024 ஜனவரி இறுதியில், மகள் பவதாரிணியும் அடக்கம் செய்யப்பட்டார். 'பாரதி' திரைப்படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர் அவர். புற்றுநோய்க்கு இலங்கையில் சிகிச்சை பெற்றுவந்தபோது, ஜனவரி 25 அன்று, 47 வயதில் காலமானார்.

ஐந்து மாதங்கள் கழித்து, ஜூன் 22 அன்று, அவருடைய குரலில் புதிய பாடல் ஒன்று வெளிவந்தது! விஜய் நடித்த 'கோட்' படத்தின் 'சின்னச் சின்ன கண்கள்' என்ற பாடல் அது. இசை, அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. குரலை உருவாக்கியது செயற்கை நுண்ணறிவு. அக்காவே பாட வேண்டுமென்று நினைத்து மெட்டமைத்ததாகவும், அவர் குணமானதும் பதிவு செய்யலாம் என்றிருந்தபோது மரணச் செய்தி வந்துவிட்டதாகவும் யுவன் எழுதியிருந்தார். அந்தத் தம்பியின் கண்ணீரை நாம் எடைபோட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாடல் நம் முன் வைக்கும் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. இறந்தவருடைய குரல் யாருக்குச் சொந்தம்?

இது எப்படி நடக்கிறது?

ஒருவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, அந்தக் குரலின் தன்மையைக் கற்க வைக்கிறார்கள். பிறகு, பெரும்பாலும், உயிரோடிருக்கும் வேறொருவர் புதிய மெட்டைப் பாடுகிறார். கணினி அவருடைய குரலின் சாயலை எடுத்துவிட்டு, மறைந்தவரின் சாயலை அதில் ஏற்றுகிறது. மூச்சும் உணர்வும் உயிரோடிருப்பவருடையவை. சாயல் மட்டுமே இறந்தவருடையது.

எல்லா முயற்சிகளும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் ராக் குழுவினர் 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்ற பாடலை வெளியிட்டார்கள். 1980-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஜான் லெனன், 1970-களில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பதிவு செய்த பாடல் அது. பியானோ ஓசையிலிருந்து அவருடைய குரலைப் பிரித்தெடுக்க மட்டுமே கணினி உதவியது. பாடியவர் லெனனேதான். தூசு படிந்த புகைப்படத்தைத் துடைத்து மாட்டுவது போன்றது அது.

2024 ஜனவரியில் வெளிவந்த 'லால் சலாம்' பாடல் வேறு வகை. 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் அதில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். மாறாக, 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் தம் தந்தை எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உயிரோடிருக்கும் பாடகர் அரிஜித் சிங்கோ தம் குரலைக் காக்க மும்பை உயர் நீதிமன்றத்தை நாடி, 2024 ஜூலையில் தடை உத்தரவு பெற்றார்.

அனுமதி மட்டும் போதுமா?

குடும்பத்தின் அனுமதி தேவை. அது இல்லாவிட்டால் அது திருட்டு. ஆனால் அனுமதி இருந்தாலும் ஒரு குறை தீராது. வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். குரல் அப்படிப்பட்ட சொத்தா? பாடகர் ஒருவர் எந்தப் பாட்டையும் பாடிவிடுவதில்லை. "இந்த வரி வேண்டாம்", "இன்று தொண்டை சரியில்லை", "இதை நான் பாட மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கணினியில் உருவான குரலுக்கு மறுக்கத் தெரியாது. மறுக்க முடியாத குரல், ஒரு மனிதருடைய குரலாக இருக்க முடியுமா?

கல்லறைத் தோட்டத்தில் உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிய மகதலா மரியா, அவர் தன் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் அவரை அறிந்துகொண்டார். குரல் வெறும் ஓசையல்ல. ஒருவர் இன்னொருவரை அழைப்பது அது. 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'அன்டிக்குவா எட் நோவா' என்ற ஏடு, செயற்கை நுண்ணறிவு மனிதருக்குத் துணைக்கருவியாக இருக்கலாமே தவிர, மனிதருக்கு மாற்றாகக் கூடாது என்று வலியுறுத்துகிறது. தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதிய 13-ஆம் லியோவின் பெயரைத் தாம் ஏற்றதற்கு இந்தப் புதிய தொழில்நுட்பமும் ஒரு காரணம் என்று திருத்தந்தை 14-ஆம் லியோ 2025 மே மாதம் கர்தினால்களிடம் கூறினார். இது உழைப்பவரின் கூலியைப் பற்றிய கேள்வியும்கூட.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. பண்ணைப்புரத்து இளைஞர்கள் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடிப் பிழைத்து வளர்ந்த பள்ளத்தாக்கு இது. இன்றும் நம் ஊர்த் திருவிழாக்களின் தேர்ப்பவனியையும் கச்சேரியையும் நம்பி வாழும் பேண்டு வாத்தியக்காரர்களும் மேடைப் பாடகர்களும் இருக்கிறார்கள். மறைந்த பெரிய பாடகரின் குரலே மலிவாகக் கிடைத்தால், இன்று பாடத் தொடங்கும் சின்னப் பெண்ணை யார் அழைப்பார்கள்?

நாம் என்ன செய்யலாம்?

பாடுகிறவர்கள், தம் காலத்திற்குப் பிறகு தம் குரலை இப்படிப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பதை இப்போதே எழுதி வைக்கட்டும். அப்போது முடிவு அவர்களுடையதாக இருக்கும். துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் மேல் அந்தச் சுமை விழாது. பங்குத் திருவிழாக்களில் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் உரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்போம்.

இறந்த அப்பாவின் படத்தைப் பேச வைத்து, நினைவுநாளுக்குக் காணொளி செய்யும் வசதியும் வந்துவிட்டது. துயரத்தில் இருப்பவருக்கு அது ஆறுதல் போலத் தோன்றலாம். ஆனால் அப்பா ஒருபோதும் சொல்லாத சொற்களை அவருடைய வாயில் நாம் வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். அவர் உண்மையில் பேசிய ஒரு பழைய பதிவு இருந்தால், அது இருமலோடும் இரைச்சலோடும் இருந்தாலும், பத்திரப்படுத்துங்கள். கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுதிரி ஏற்றி, இறந்தோருக்காகச் செபிக்கிறோம். அவர்களைப் பேச வைப்பதில்லை. அவர்களுடைய அமைதியை மதிப்பதும் அன்புதான்.

சிந்திப்போம்.